ஓட்டை எந்தப் பக்கம்

மூடிய கிட்டாருக்குள் எட்டிப் பார்க்க அந்தப் பட்டறையில் ஒரு பல் டாக்டர் கண்ணாடி இருந்தது. நீளக் காம்பு, நுனியில் கோட்டுப் பொத்தான் அளவு வட்டம். பல் பிடுங்கப் போன இடத்தில் அண்ணன் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தது. பல்லைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை வாங்கி வந்தவன் என்று அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

வியாழக்கிழமை காலை அந்தக் கண்ணாடியைத் துளை வழியாக உள்ளே விட்டபோது டிகிரி தேடியது பசைச் சொட்டை மட்டும்தான். டிகிரி என்பது அவளுக்கு அண்ணன் வைத்த பெயர். குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரிக்குப் போய் இயற்பியல் படித்து முடித்தவள் அவள். மற்ற வீடுகளில் இதற்கு மாலை போட்டிருப்பார்கள். இந்த வீட்டில் பட்டப்பெயர் போட்டார்கள்.

கிட்டார் கூட்டின் பின்பலகையை ஒட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. கழுத்து இன்னும் பொருத்தவில்லை, ஓரப்பட்டி ஒட்டவில்லை, கம்பிக்கு வெகு தூரம். சொட்டு ஏதாவது உள்ளே காய்ந்து நின்றால் அது ஒரு நாள் பெயர்ந்து விழுந்து, கிட்டாருக்குள் கிலுகிலுப்பை போல ஓடும். அதைத்தான் தேடினாள். சொட்டு இல்லை. சுத்தமான வேலை. அவளுடைய வேலைதான், சுத்தமாகத்தான் இருக்கும்.

கண்ணாடியை வெளியே எடுக்கப் போனவள் நிறுத்தினாள். மறுபடி உள்ளே விட்டாள்.

கிட்டாரின் மேல்பலகை மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆறு கம்பியும் சேர்ந்து, ஒரு ஆள் தொங்குகிற கனத்துக்கு அதை இழுக்கும். பலகை பிதுங்கிவிடாமல் இருக்க உள்பக்கம் மெல்லிய சட்டங்களை ஒட்டுவார்கள். பட்டறையில் அவற்றுக்கு எலும்பு என்று பெயர். பெருக்கல் குறி மாதிரி இரண்டு பெரிய எலும்பு. அதற்குக் கீழே, ஒரு பக்கமாகச் சாய்ந்து இரண்டு சின்ன எலும்பு. பெரியவற்றுக்கு இடமும் இல்லை வலமும் இல்லை. சின்னவை அப்படியில்லை. கனத்த கம்பிகள் இருக்கும் பக்கம் பலகை ஒரு மாதிரி அதிர வேண்டும், மெல்லிய கம்பிகள் பக்கம் வேறு மாதிரி. அதைப் பார்த்துத்தான் அவற்றைச் சாய்ப்பார்கள். இடக்கைக்காரருக்குக் கம்பிகள் பக்கம் மாறும். அப்போது சின்ன எலும்பும் பக்கம் மாற வேண்டும்.

இது இடக்கைக் கிட்டார். எலும்பு மாறவில்லை.

கண்ணாடியில் இடம் வலமாகத்தானே தெரியும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை வைத்துவிட்டு, வளையலைக் கழற்றி, கையைக் குவித்துத் துளைக்குள் விட்டாள். விரலால் எலும்பைத் தடவிக்கொண்டே போனாள். கண்ணாடி பொய் சொல்லவில்லை.

அவள் அடுத்துச் செய்தது ஒன்றும் மெச்சுகிற காரியம் இல்லை. கண்ணாடியை இழுப்பறையில் போட்டு மூடினாள். வளையலை மாட்டிக்கொண்டாள். பட்டறையைக் கூட்டினாள்.

கூட்டி முடித்த பிறகும் கூடு மேசைமேல்தான் இருந்தது. துளை வழியாகக் குனிந்து பார்த்தால் பின்பலகையில் ஒட்டிய சீட்டு தெரியும். அந்தச் சீட்டில் இருந்தது அவள் பெயர். அவள் கையெழுத்து. முப்பத்தாறு கிட்டார் வெளியே போயிருக்கிறது, முப்பத்தாறிலும் அண்ணன் பெயர். இது முப்பத்தேழாவது.

அந்தப் பெயருக்காக அவள் போட்ட சண்டை சின்னச் சண்டை இல்லை.

அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் கோட்டை விட்டுவிட்டு, கதவு ஜன்னல் செய்யும் கடையில் சேர்ந்து, அங்கிருந்து கிட்டார் பழுது பார்க்கும் கடைக்கு மாறி, பிறகு வீட்டின் கீழறையில் சொந்தமாகப் பட்டறை போட்டவன். மர வேலை தங்கமான வேலை. ஆனால் அவன் முதலில் செய்த கிட்டார்கள் எல்லாம் ஜலதோஷம் பிடித்த மாதிரி பேசின. கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் பலகையைத் தட்டிப் பார்த்து, "எலும்பு ரொம்பத் தடிமன், அதான் வாயைத் திறக்க மாட்டேங்குது" என்றாள். சீவிக் கொடுத்தாள். திறந்தது. அன்றிலிருந்து மேல்பலகையும் எலும்பும் அவளுடையது. கழுத்து, பக்கப்பலகை, மெருகு அவனுடையது. வாங்குகிறவர்கள் சத்தத்துக்காக வாங்கினார்கள், அவனுக்கு மாஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். அவள் மாஸ்டரோட தங்கச்சி. போனை எடுத்தால், "மாஸ்டர்கிட்ட குடும்மா."

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் கேட்டேவிட்டாள்.

"அடுத்த கிட்டார்ல என் பேர் போடு."

"பேர்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லேல்ல? அப்ப என் பேரைப் போடறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"ஏய் டிகிரி, பேர் போடறது பெருமைக்கு இல்ல. நாளைக்கு எவனாவது திட்டணும்னு வந்தா யாரைத் திட்டறதுன்னு தெரியணும், அதுக்கு. நீ வாங்கிப்பியா?"

"வாங்கிக்கறேன்."

"வாங்கிப்ப, வாங்கிப்ப. போன தடவை ஒருத்தர் போன்ல சத்தம் போட்டப்ப என்கிட்ட நீட்டினது யாரு?"

அவர் மாஸ்டரைத்தான் கேட்டார் என்று கத்தினாள். அம்மாவும் உள்ளே வந்தாள். அண்ணன் பெயரில் இருந்தால் என்ன, இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்ததுதானே என்றாள். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹோட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுப் போட்டு மகளைப் படிக்க வைத்த அம்மா. படித்த மகளுக்கு ஒரு சீட்டில் பெயர் என்றதும் மகன் பக்கம் சாய்கிறாள். "அப்ப என்னை எதுக்குப் படிக்க வெச்ச? சட்டைக்கு இஸ்திரி போட்டு உள்ள மடிச்சு வைக்கவா?" என்று கேட்டுவிட்டாள். அம்மா பதில் சொல்லாமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அண்ணனும் தங்கையும் பேசவில்லை. ஒரே மேசையில் வேலை, பேச்சு மட்டும் இல்லை. ரம்பம் வேண்டும் என்றால் ரம்பத்தைப் பார்ப்பார்கள். பத்தாவது நாள் அண்ணன் ஒரு காலிச் சீட்டையும் பேனாவையும் அவள் முன்னால் தள்ளி, "எழுதித் தொலை" என்றான். அவள் எழுதினாள். நன்றாக இருக்க வேண்டும் என்று நாலு சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவதில் எழுதினாள். ஒட்டினாள். செவ்வாய்க்கிழமை மூடினார்கள்.

இப்போது அந்தப் பெயர் தப்பான எலும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அவளுக்குப் புரியாதது ஒன்றுதான். எலும்பு எங்கே வரவேண்டும் என்று பென்சிலால் குறிக்க ஒரு அச்சு உண்டு. மெல்லிய ஒட்டுப்பலகை, ஆணியில் மாட்ட ஒரு மூலையில் ஓட்டை. உள்பக்கம், வெளிப்பக்கம், இடம், வலம் என்று யோசிக்கப் போனால் யாருக்கும் தலை சுற்றும். அதனால் பட்டறையில் யோசிக்க மாட்டார்கள், ஓட்டையைப் பார்ப்பார்கள். ஓட்டை வலக்கைப் பக்கம் வந்தால் வழக்கமான கிட்டார். இடக்கைக் கிட்டார் இதுவரை வந்ததில்லை. வந்தால் அச்சைத் திருப்பி, ஓட்டையை இடப்பக்கம் வைக்க வேண்டும். அவள் திருப்பித்தான் வைத்தாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அண்ணனுக்கு இதெல்லாம் எங்கே தோன்றப் போகிறது என்று கறுவிக்கொண்டேதான் திருப்பினாள்.

பதினோரு மணிக்கு அண்ணன் மரக்கடையிலிருந்து வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"எலும்பு தப்பு."

"எது?"

"சின்னது ரெண்டும். வழக்கமான பக்கம் சாஞ்சிருக்கு."

அவன் கண்ணாடியை எடுத்துப் பார்த்தான். கையை விட்டுப் பார்த்தான், அவன் கை பெரியது, மணிக்கட்டோடு நின்றது. துடைத்துக்கொண்டே உட்கார்ந்தான். சந்தோஷப்படுவான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் சந்தோஷப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி விடு," என்றான். "யார் பாக்கப் போறா? பல் டாக்டரா?"

"நான் பாத்தாச்சே."

"கடையில விக்கற இடக்கை கிட்டார்ல பாதி, சும்மா கம்பியை மாத்திக் கட்டினதுதான். தெரியும்ல? எவனும் அழுததில்ல."

"அந்தக் கிட்டார் வேண்டாம்னுதானே அந்த டீச்சர் இங்க வந்தாங்க."

டீச்சர் என்றது இந்தக் கிட்டாரைச் செய்யச் சொன்னவரை. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லித் தருகிறவர். முதல் நாள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "கத்திரிக்கோல், பாட்டில் திறக்கறது, கிளாஸ்ல சாய்வு மேசை போட்ட நாற்காலி, எல்லாம் மத்தவங்களுக்குச் செஞ்சது. நான் அதைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டே அம்பது வயசுக்கு வந்துட்டேன். ஒரு சாமானாவது முதல்லேருந்தே எனக்குன்னு செஞ்சதா இருக்கட்டும்." அண்ணன் அன்றைக்குப் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினான்.

"திறக்கறது விளையாட்டு இல்ல," என்றான் இப்போது. "பின்பலகை ரோஸ்வுட். அந்த மாதிரி கோடு ஓடின பலகை இன்னொண்ணு நம்மகிட்ட கிடையாது. பிளந்துச்சுன்னா பலகையும் போச்சு, உன் சீட்டும் போச்சு. அப்புறம் அடுத்ததுல பேர் போடுன்னு என்கிட்ட வராதே. சொல்லிட்டேன்."

சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளைக் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டால் அவள் பெயர் நிற்கும். மேல்பலகை இதுவரை அவள் செய்ததிலேயே நல்ல பலகை, டீச்சர் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவார், நாலு பேரிடம் அந்தப் பெயரைச் சொல்வார். திறந்தால், பெயர் போட்ட முதல் கிட்டாரையே கெடுத்தவள் என்று வீட்டில் ஆயுசுக்கும் ஓடும்.

"நான் திருப்பித்தான் வெச்சேன்," என்றாள். "அச்சை. ஓட்டை இடப்பக்கம். நல்லா ஞாபகம் இருக்கு."

அண்ணன் நிமிர்ந்தான். "நீ எதுக்குத் திருப்பின?"

"எதுக்குன்னா? இடக்கைல்ல?"

"நான்தான் திருப்பிட்டேனே!"

"நீ எப்பத் திருப்பின?"

"பழைய அச்சு ஓரம் பிஞ்சுருந்துச்சு. புதுசா வெட்டினேன். எப்படியும் அடுத்தது இடக்கைதானேன்னு மாத்தியே வெட்டி மாட்டிட்டேன்."

"ஓட்டை?"

அண்ணன் எழுந்து ஆணியிலிருந்த அச்சை எடுத்துப் பார்த்தான். ஓட்டையை எப்போதும் போடுகிற மூலையில்தான் போட்டிருந்தான். பத்து வருஷமாக அந்த மூலை. கை தானாகப் போகும்.

"மாத்தி வெட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நாமதான் பேசிக்கலையே!"

"எழுதி வெச்சிருக்கலாம்ல?"

"பேசாதவகிட்ட எழுதறது மட்டும் என்ன? அதுவும் பேச்சுதானே. நான் முதல்ல எறங்கி வரணுமா? நீ கேட்டிருக்கலாம்ல?"

"உனக்குத் தோணியிருக்காதுன்னு நெனச்சேன்."

"அதான் பாத்தேன். படிச்சவளுக்கு மட்டும்தான் தோணும்."

பட்டறைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா ஓட்டிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டி நின்றது. அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "ஒரு சட்டையை ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு தடவை உள்வெளியாத் திருப்பினா பழையபடிதானே நிக்கும்? இதுக்கு ஒரு சத்தம்."

முதலில் சிரித்தது அண்ணன்தான். அவள் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், தப்பான எலும்பு நாலு நாள் அவள் கண்ணெதிரே கிடந்தது. அவளே அதை உளியால் சீவினாள், தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். ஒன்றும் உறுத்தவில்லை. முப்பத்தாறு கிட்டாரில் பார்த்துப் பழகிய சாய்வு அது. பழகியது எப்போதும் சரியாகத்தான் தெரியும். அண்ணன் பெயர் போட்ட சீட்டும் இத்தனை வருஷம் வீட்டில் எல்லோருக்கும் சரியாகத்தான் தெரிந்தது.

அவள் போனை எடுத்தாள்.

"மரம் சரியில்லன்னு சொல்லு," என்றான் அண்ணன் அவசரமாக. "ஈரப்பதம்னு சொல்லு. இல்ல, என்கிட்ட குடு, நான் பேசிக்கறேன்."

அவள் ஒரு கையால் அவனைத் தள்ளி நிறுத்தினாள்.

"டீச்சர், வணக்கம். கிட்டார் பட்டறையிலேருந்து."

"யாரு, மாஸ்டர் தங்கச்சியா? மாஸ்டர் இல்லையா?"

"இருக்கார். நான்தான் பேசணும். உங்க கிட்டார்ல உள்ள ஒட்டற சட்டம் ரெண்டு, பக்கம் மாறிப் போச்சு. வெளியிலேருந்து தெரியாது. ஆனா அது வலக்கைக்காரங்களுக்கு ஒட்டற மாதிரி ஒட்டியிருக்கு. அப்படியே குடுத்தா வாசிக்கலாம், சத்தமும் வரும். ஆனா நீங்க கேட்டது அது இல்ல. திறந்து மாத்தணும். இன்னும் பத்து நாள் ஆகும்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

"யார் தப்பு?" என்றார் டீச்சர்.

அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சட்டம் ஒட்டறது நான்," என்றாள். "மேல்பலகை என் வேலை."

"ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள வேணும்னு சொல்லியிருந்தேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா? புதுக் கிட்டாரோட வருவேன்னு. இப்ப அந்தப் பழசைத் தூக்கிட்டுப் போய் நிக்கணும். பசங்க கேப்பாங்க." டீச்சர் இப்படி ஒரு நிமிஷம் சொன்னார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. அவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை, யாரிடமும் நீட்டவில்லை. கடைசியில் டீச்சர், "பத்து நாள்னா பத்து நாள். பதினோராவது நாள் அங்க வந்து உக்காந்துடுவேன். இனிமே போன் பண்ணா நான் யாரைக் கேக்கணும்?" என்றார்.

அவள் பெயரைச் சொன்னாள். டீச்சர் எழுத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

போனை வைத்த பிறகு அண்ணன், "பாதித் தப்பு என்னோடதுன்னு சொல்லியிருக்கலாம்" என்றான்.

"சொன்னா மாஸ்டர்கிட்ட குடுன்னுருப்பாங்க."

பின்பலகையை ஒட்டியது வச்சிரப் பசையால். தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. காய்ந்தால் கல்லு, சூடும் ஈரமும் சேர்ந்து பட்டால் விட்டுக்கொடுக்கும். சூடு குறைந்தால் பசை இளகாது, கத்தி மரத்தைக் கிழிக்கும். கூடினால் ரோஸ்வுட் வளைந்து போகும். பழுதுக்கடையில் அண்ணன் இரண்டு தடவை செய்திருக்கிறான். ஒரு தடவை கிழித்திருக்கிறான். அதை இன்றுதான் சொன்னான்.

"நகரு," என்றாள் அம்மா. இஸ்திரிப் பெட்டியோடு வந்து நின்றாள். "சூடு வைக்கத் தெரியாதவனெல்லாம் பெட்டியைத் தொடக் கூடாது. இது என்ன துணி?"

"துணி இல்லம்மா. மரம்."

"எனக்கு எல்லாம் துணிதான். பருத்தியா, பட்டா?"

அவள் யோசித்தாள். "பட்டு," என்றாள். "பட்டுக்கு மேல ஈரப் பருத்தி."

அம்மா புறங்கையைப் பெட்டியின் அடியில் காட்டிப் பார்த்தாள். ஈரத்துணியை ஓரத்தில் மடித்துப் போட்டு, பெட்டியை வைத்து, உதட்டுக்குள் எண்ணி, எடுத்தாள். ஆவி எழுந்தது. அண்ணன் மழுங்கிய மெல்லிய கத்தியை விளிம்பில் வைத்தான். அவள் கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாள், மரம் கத்தினால் விரலுக்குத்தான் முதலில் தெரியும். ஓர் அங்குலம். அடுத்த ஓர் அங்குலம். யாரும் பேசவில்லை. இந்தத் தடவை அது சண்டை இல்லை.

இடுப்பு வளைவில் ஒரு இடத்தில் அவள் விரலுக்கடியில் மரம் முனகியது. "நிறுத்து," என்றாள். அண்ணன் அந்தக் கணமே நிறுத்தினான். அம்மா மறுபடி துணியை நனைத்து, இரண்டு எண்ணிக்கை கூட வைத்தாள். கத்தி வெண்ணெயில் போவது போலப் போனது.

சாப்பாட்டு வேளை தாண்டிப் பின்பலகை மொத்தமாகக் கையோடு வந்தது. பிளவு இல்லை. ஓரத்தில் ஒரு சிராய் மட்டும், ஓரப்பட்டிக்கு அடியில் போய்விடும்.

"படிச்ச கையும் படிக்காத கையும்," என்று ஆரம்பித்தாள் அம்மா. "நிறுத்தும்மா," என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். தடுப்பைத் தாண்டும்போது திரும்பாமலேயே, "எல்லாத்தையும் நான் உள்ள மடிச்சு வைக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று வாரமாக வைத்திருந்த பதில் அது.

சின்ன எலும்பு இரண்டையும் அவள் எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டினாள். குழப்பிய அந்தப் புது அச்சை அண்ணன் உடைக்கப் போனான். வேண்டாம் என்று அதன் இரண்டு முகத்திலும் பெரிய எழுத்தில் எழுத வைத்தாள். ஒரு பக்கம் இடக்கை, மறுபக்கம் வலக்கை. ஓட்டையை இனி யாரும் பார்க்க வேண்டாம். ஒட்டினாள், சீவினாள், தட்டினாள். கண்ணுக்கு அந்தச் சாய்வு தப்பாகத்தான் தெரிந்தது. நாலு நாளும் தெரிந்தது. காதுக்குச் சரியாக இருந்தது. காதை நம்பினாள்.

மறுபடி மூடுகிற அன்று பசையைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு அவள் வந்தபோது, அண்ணன் பின்பலகைமேல் குனிந்திருந்தான். ஆவியில் சீட்டின் ஒரு மூலை எழும்பிச் சுருண்டிருந்தது. சின்னத் தூரிகையால் அதன் அடியில் பசை தொட்டு, கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். விரல் நகத்துக்கடியில் மெருகுக் கறை. அவள் பெயரின் கடைசி எழுத்து அந்த விரலுக்குப் பக்கத்தில் தெரிந்தது.

"வேற சீட்டு எழுதிக்கறேன், விடு," என்றாள்.

"எதுக்கு? இதுவே நல்லாத்தான் இருக்கு." விரலை எடுக்கவில்லை. "காயட்டும். பசையைக் கீழ வை, ஆறிடப் போகுது."

அவள் வைத்தாள். இரண்டு பேரும் அந்த மூலை காய்கிறவரை காத்திருந்தார்கள். பிறகு அவன் விரலை எடுத்து, சீட்டை ஊதிப் பார்த்துவிட்டு, பலகையின் ஒரு முனையைப் பிடித்தான்.

"எந்தப் பக்கம் மேல?" என்று கேட்டான்.

"தலைப்பக்கம் உன் கையில இருக்கு," என்றாள். "எறக்கு."